நிலம் அதிராத நடை

சந்தனமாரிக்கு இருபத்துநாலு வயது. அவளுடைய வலது முட்டிக்கு அறுபது ஆகியிருக்கும். பத்து வயதிலிருந்து தீப்பெட்டி ஆபீஸில் காலை மடக்கி உட்கார்ந்து குச்சி அடுக்கினால் முட்டி வேறென்ன செய்யும்? எழுந்ததும் நாலு எட்டு நொண்டும், அப்புறம் ஒருவழியாக வழிக்கு வரும். அந்த நாலு எட்டில்தான் இரண்டு சம்பந்தம் தட்டிப்போயின. காபித் தட்டோடு வந்தவளைப் பார்த்து, "பிள்ள காலைத் தாங்குதே" என்று யாராவது ஒருத்தி கேட்டுவிடுவாள். அதோடு சரி, தட்டு காலியானதும் கிளம்பிவிடுவார்கள்.

இந்தத் தடவை அவள் அம்மா சீனித்தாய் விடுவதாக இல்லை. கயத்தாற்றிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்த அன்றே ஒத்திகையைத் தொடங்கிவிட்டாள். அடுப்படியிலிருந்து வாசல் வரைக்கும் நடை.

"எட்டைச் சின்னதா வையி. நல்ல காலையும் மெதுவாவே வையி. ரெண்டும் ஒண்ணுபோலத் தெரியணும்."

பத்து நாள் இதே பாடு. சந்தனமாரி ஆபீஸ் வேன் ஹாரன் கேட்டால் நொண்டிக்கொண்டேனும் தெருக்கோடிக்கு ஓடுகிறவள். இந்த ஆமை நடையில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உட்காரவும் பிடிக்கவில்லை, நிற்கவும் பிடிக்கவில்லை. சாப்பிட்ட கையைக் கழுவப் போனாலும் அம்மாவின் கண் காலிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளை லிங்கராஜ் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் சேர்த்துப் பார்க்க அவன் அம்மா சொர்ணத்தாய் இருந்தாள். நாற்காலியில் கனமாக உட்கார்ந்துகொண்டு, காபியோடு வந்தவளின் காலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சந்தனமாரி பல்லைக் கடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"இந்தக் காலத்துல இப்படி நிலம் அதிராம நடக்குத பிள்ள எங்க இருக்கு?" என்றாள் சொர்ணத்தாய். "நமக்கு இதுதான் சரி. கடை கீழ, வீடு மச்சில. சோறு, தண்ணின்னு நாளைக்கு நாப்பது தடவ ஏறி இறங்கணும். அடக்கமான பிள்ளன்னா மொகம் சுளிக்காம செய்யும்."

பத்து நாள் பாடுபட்டுச் சந்தனமாரி சம்பாதித்தது அந்த மச்சுப்படியைத்தான்.

சொர்ணத்தாய் பையிலிருந்து பூவை எடுத்தாள். "நல்ல நேரம் இருக்கையிலயே வச்சிருவோம். கால்ல விழுந்து எந்திரி தாயி."

சந்தனமாரி விழவில்லை. "நான் மெதுவா நடக்குதது அடக்கத்துனால இல்ல அத்தை. எனக்கு முட்டி வலி. படி ஏற முடியாது. தெரியக்கூடாதுன்னு இப்படி நடந்து பழகுனேன்."

"ஏட்டி, வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா" என்றாள் சீனித்தாய். லிங்கராஜ் முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

சொர்ணத்தாய் கோபப்படவில்லை. பூவை இலையோடு மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"எனக்கும் முட்டிதான் தாயி. பதினெட்டு வயசுல அந்த மச்சில ஏற ஆரம்பிச்சவ. இப்ப என்னால ஏற முடியலன்னுதான் மருமக தேடுதேன்."

நாற்காலிக் கையை ஊன்றி எழப் பார்த்தாள், முடியவில்லை. சந்தனமாரிதான் கைகொடுத்து எழுப்பினாள். ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் காலைத் தாங்கித் தாங்கி வாசலுக்கு நடந்தார்கள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.