எட்டு மூன்றான வருஷம்

வருஷக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் அடுத்த வருஷம் முழுவதும் தீர்மானமாகிவிடும். என் கணவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படிக்கிறவர். நான் ஒரு துணிக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஆசைப்பட்டு வாங்கிய உடைகளை அவர்கள் உடம்புக்குத் தகுந்தபடி பிரித்துத் தைக்கிறவள். இரண்டு சம்பளத்தையும் கூட்டிப் பன்னிரண்டு மாதத்துக்கு இழுத்தால், பதினோராம் மாதம் இருபதாம் தேதி வாக்கில் கிழியும். மீதி நாற்பது நாளை எங்கிருந்தாவது கொண்டுவருவது என் பொறுப்பு. ஒன்பது வருஷமாகக் கொண்டுவந்திருக்கிறேன். இதற்கு யாரும் பதக்கம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் விற்றிருப்பேன்.

எல்லாம் ஒரு நோட்டில் இருக்கும். வாடகை, விளக்கு, தண்ணீர், சோப்பு, கூரை ஒழுகினால் அடைக்க, காய்ச்சல் வந்தால் பார்க்க. காய்ச்சல் வீட்டுக்கு வருஷத்துக்கு ஒன்று என்று ஒதுக்கியிருக்கிறேன். இரண்டாவதாகப் படுக்கிறவர் கஷாயம் குடித்துச் சமாளிக்க வேண்டும்.

நோட்டின் கடைசிப் பக்கம் விருப்பங்களுக்கானது. அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் அதில் ஆளுக்கு ஒரு வரி எழுதலாம். நான் படித்துப் பார்த்து அனுமதிப்பேன் அல்லது அடிப்பேன். சும்மா அடிக்க மாட்டேன், பக்கத்திலேயே காரணம் எழுதுவேன். ‘சைக்கிள்’ என்று எழுதிய என் மகளுக்கு, அவளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம், ‘கால் இருக்கிறது’ என்று எழுதினேன். என் பெயருக்கு நேரே ஒன்பது வருஷமும் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் இருக்கும். அதைப் பார்க்க எனக்கே என் மேல் மரியாதை வரும்.

இவர் சிக்கனத்துக்குப் பழகவே மாட்டார் என்று முதலில் நினைத்திருந்தேன். கடந்த இரண்டு வருஷத்தில் ஆளே மாறிவிட்டார். ஒருநாள் தாமாகவே, “இனிமே பேப்பர் வேணாம். தினம் ஒரே நியூஸத்தான் மாத்தி மாத்திப் போடுறான்” என்றார். பேப்பர் வரியை அடித்துவிட்டுச் சந்தோஷமாகப் பக்கத்தில் ஒரு டிக் போட்டேன். அப்புறம் சாயங்காலம் விளக்கு போட வேண்டாம் என்றார். இருட்டிலேயே உட்கார்ந்திருப்பார். விளக்குச் செலவும் குறைந்தது. காலுக்கொரு நிறத்தில் சாக்ஸ் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். இரண்டு ஜோடியும் சமமாகத் தேயும் என்பதால் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒருமுறை எதிர்வீட்டு வாசலில் காயப்போட்டிருந்த மழைக்கோட்டுக்கு வணக்கம் சொன்னார். மரியாதைக்குச் செலவில்லையே என்று விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் நான் தண்ணீரில் கை வைத்தேன். எங்கள் ஊரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் படிப்பார்கள். எங்கள் தெருவும் இவருடைய பட்டியலில்தான் இருந்தது. குளியலுக்கு ஆளுக்கு ஒரு வாளி என்று உத்தரவு போட்டேன். பாத்திரம் கழுவிய தண்ணீரைப் பிடித்துவைத்துத் தரை துடைக்க நான்கு வாளிகளை வரிசையாக நிறுத்தினேன். ஆறு மாதம் கழித்து பில் வந்தது. வழக்கமாக எழுபது யூனிட் ஓடும் வீட்டில் இருபத்துநான்கு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் கூட வேலை செய்கிறவர்களிடம் பில்லைக் காட்டினேன். பொத்தான் தைக்கிற அக்கா, “எப்படிம்மா?” என்று வாயைப் பிளந்தாள். வாளி முறையை ஒரு மணி நேரம் விளக்கினேன். இரண்டு பேர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். மிச்சமான பணத்தை வாலுவின் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக் கட்டினேன். அன்று ராத்திரி அவள் என்னைக் கட்டிக்கொண்டதற்கு ஈடாக இந்த உலகத்தில் எதையும் சொல்ல மாட்டேன்.

இவர் மட்டும் பில்லை முகத்துக்கு அருகே வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, “நல்லதுதான்” என்றார்.

இரண்டு மாதம் கழித்து, ரொட்டிக் கடைக்காரர் தண்ணீர் அலுவலகத்துக்குள் புகுந்து ஊரைக் கூட்டினார். அவர் கடைக்கு ஐந்நூறு யூனிட் கூடுதலாக வந்திருந்தது. நான் மாவு பிசைகிறேனா, நீச்சல் குளம் நடத்துகிறேனா என்று கேட்டாராம். மறுபடி மீட்டரைப் போய்ப் பார்த்தார்கள். அதில் இருந்த மூன்றை இவர் எட்டு என்று எழுதியிருந்தார். உடனே இவருடைய பட்டியல் முழுவதையும் எடுத்துச் சரிபார்த்தார்கள். நாற்பத்தொரு வீட்டில் தப்பு. பில் குறைந்த வீட்டுக்காரர்கள் ஒருவர்கூட அதுவரை வாயைத் திறக்கவில்லை. அந்தக் குறைந்த வீடுகளில் ஒன்று எங்களுடையது. எண்பத்தாறு என்று முடிய வேண்டியது முப்பத்தாறு என்று முடிந்திருந்தது.

அதாவது அந்த ஆறு மாதத்தில் நாங்கள் செலவழித்தது எழுபத்துநான்கு யூனிட். போன தடவையைவிட நான்கு கூட. நான்கு வாளிகளையும் தினமும் கழுவியதில் போயிருக்கும்.

இவர் அன்று மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சொந்த வீட்டு மீட்டரைக் கொறச்சு எழுதினதை மறைக்கத்தான் மத்த வீட்டுலயும் தப்பா எழுதியிருக்கேன்னு சொல்றாங்க. நாளைக்குக் காலையில விளக்கம் கொடுக்கணும். இல்லேன்னா வேலை போயிடும்.”

“நீங்க ஏன் எட்டை மூணுன்னு எழுதினீங்க?”

“அப்படித்தான் தெரிஞ்சுது.”

சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டி, “இன்னிக்கு என்ன தேதின்னு படிங்க” என்றேன். காலண்டர் அவரிடமிருந்து ஆறடி தூரம் இருக்கும்.

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “அது காலண்டரா? ஜன்னலை மாத்திட்டியோன்னு நெனச்சேன்.”

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பேப்பர், விளக்கு, சாக்ஸ், மழைக்கோட்டு எல்லாம் வரிசையாக வந்து எதிரே நின்றன. எல்லாவற்றுக்கும் நான் டிக் போட்டிருந்தேன்.

“ஏங்க, இவ்வளவு நாளா ஏன் சொல்லலை?” என்று கத்தினேன்.

“எழுதினேனே” என்றார். “ரெண்டு தடவை.”

நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவர் பெயருக்கு நேரே ‘மூக்குக் கண்ணாடி’ என்று இருந்தது. அதன் மேல் நேர்க்கோடு. பக்கத்தில் என் கையெழுத்தில் ‘அவசரமில்லை’. போன வருஷமும் ‘மூக்குக் கண்ணாடி’. அதன் மேலும் கோடு. பக்கத்தில் ‘முன்பே சொல்லியாயிற்று’. இந்த வருஷம் அவர் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதியிருந்தார். எழுத்து வரியை விட்டு இறங்கிப் பக்கத்தின் ஓரத்துக்குப் போயிருந்தது. இவரும் திருந்திவிட்டார் என்று அன்றைக்கு நான் பெருமைப்பட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

“கண்ணு தெரியலைன்னு ஆபீஸ்ல சொல்லிடுங்க. அவ்வளவுதானே விஷயம்?”

“ஏன் கண்ணாடி போடலைன்னு கேப்பாங்க.”

“கேட்டா?”

“கேட்டா என்ன சொல்றது? என் பொண்டாட்டி வாங்கித் தரலைன்னா?” என்று எழுந்துபோய்ச் செருப்பைக் கழற்றினார். “அதுக்குத் திருடன்னே சொல்லிட்டுப் போகட்டும்.”

மறுநாள் கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். அலுவலகத்தில் மேற்பார்வையாளர் மேஜைக்குப் பின்னால் இருந்தார். இவர் எதிரே நின்றார். கேட்ட கேள்விக்கெல்லாம் “தப்புதான் சார்” என்று ஒரே பதில். நான் கதவைத் தட்டாமல் உள்ளே போய் நோட்டை மேஜை மேல் வைத்தேன்.

“நான் இவரோட மனைவி. இவருக்குக் கண்ணு தெரியாது. சாட்சி இதுல இருக்கு.”

இவர், “நீ வீட்டுக்குப் போ” என்றார். நான் நகரவில்லை.

மேற்பார்வையாளர் நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து பார்க்காமல் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு வரியாகப் படித்தார். பாதியில் நிமிர்ந்து, “மூணு பேருக்கு வருஷத்துக்கு இவ்வளவு சோப்பு போதுமா?” என்று கேட்டார்.

“துண்டாகிப் போனதை ஒட்ட வெச்சா போதும் சார்.”

“எங்க வீட்டுல இதைப்போல மூணு பங்கு ஆகுது” என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அப்புறம் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். சைக்கிள் வரியில் கொஞ்ச நேரம் நின்றார். அடுத்த வரிக்கு வந்ததும் முகம் மாறிவிட்டது.

“அவசரமில்லைன்னு எழுதினது யாரு?”

“நான்தான்.”

“மீட்டர் படிக்கிறவருக்கா?”

“ஆமா சார். அடுத்த வருஷமும் கேட்டார். முன்பே சொல்லியாயிற்றுன்னு போட்டிருக்கேன், கீழே பாருங்க.”

அவர் பார்த்தார். பக்கத்து மேஜையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஒன்பது வருஷமாக அந்த நோட்டை யாராவது படித்துப் பாராட்ட மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். இப்போது படித்தார்கள். தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

மேற்பார்வையாளர் நோட்டை மூடி இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். பிறகு இவரைப் பார்த்து, “வெள்ளிக்கிழமைக்குள்ள கண்ணாடியோட வாங்க. பத்து மீட்டர் வைப்பேன். பத்தும் சரியாப் படிச்சா வேலை இருக்கு. ஒண்ணு தப்பினாலும் இல்லை. நாற்பத்தோரு வீட்டையும் உங்க சொந்த நேரத்துல திரும்பப் படிச்சுக் கொடுக்கணும். உங்க வீட்டு பாக்கியையும் கட்டணும்” என்றார்.

திருடனில்லை என்று நிரூபிக்கக் கண் தெரியாது என்று காட்டியாகிவிட்டது. இனி மூன்று நாளில் கண் தெரியும் என்று காட்ட வேண்டும்.

கூரைக்கு ஒதுக்கியதை எடுத்தேன். ஒழுகினால் வைக்க நான்கு வாளிகள் தயாராகத்தான் இருந்தன. அது போதாமல் கடை முதலாளியிடம் இரண்டு வாரச் சம்பளத்தை முன்பணமாகக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீங்களா?” என்றார். கண்ணாடிக் கடையில் இவர் ஃப்ரேமை எல்லாம் ஒதுக்கிவிட்டு, “இருக்கறதுலயே மலிவானதைக் கொடுங்க” என்றார். நான் அதைவிட ஒரு படி உயர்ந்ததை எடுத்து வைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் கொடுப்பதாகச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை இவர் கண்ணாடியை வாங்கிக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போய்விட்டார். நான் கடையில் ஒரே கால்சட்டையை மூன்று தடவை பிரித்தேன். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்கு ஓடிவந்தால், கதவு திறந்திருந்தது.

இவர் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மூக்கில் இருந்தது. புதிதாக யாரோ வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது.

“என்னாச்சு?”

“பத்தும் சரி” என்றார். “பதினொண்ணாவதா அவரோட வாட்சைக் காட்டினார். அது ரெண்டு நிமிஷம் பின்னாடி ஓடுதுன்னு சொன்னேன். திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லிட்டார்.”

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அழுதேன். அவர் சமாதானப்படுத்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் முகத்தை, அப்புறம் கழுத்தை, அப்புறம் முழங்கையை. மீட்டர் படிப்பதுபோலப் பார்த்தார்.

“என்ன அப்படிப் பாக்கறீங்க?”

“நீ எப்ப இவ்வளவு இளைச்சே?”

“வயசானா அப்படித்தான்.”

“காலையில என்ன சாப்பிட்டே?”

“எனக்குக் காலையில பசிக்காதுங்க.”

“எத்தனை நாளா?”

பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இரண்டு வருஷமாகப் பொய் சொல்லத் தேவையே இல்லாமல் இருந்ததால் பழக்கம் விட்டுப்போயிருந்தது. “வாடகை ஏத்தினதுலேருந்து” என்றேன்.

வாடகை ஏற்றி மூன்று வருஷமாகிறது. காலை வேளையை விட்டதை நான் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. செலவாகாததற்கு நோட்டில் இடம் கிடையாது. மத்தியானமும் பாதிதான். சாயங்காலம் இவரும் வாலுவும் சாப்பிட்ட பிறகு நான் அடுப்பங்கரையில் நின்றபடி ஏதாவது வாயில் போட்டுக்கொள்வேன். இரண்டு பேருக்கு எதிரே உட்கார்ந்தால்தானே தட்டில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

இவர் எழுந்துபோய் அவருடைய மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முழுவதையும் ஒரு தட்டில் கவிழ்த்தார். என்னைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார். தட்டை எனக்கு முன்னால் நகர்த்திவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

“உங்களுக்கு?” என்றேன்.

“நீ சாப்பிடு. நான் பாக்கணும்.”

பாதியில் கையைக் கழுவ எழுந்தேன். “இன்னும் இருக்கு” என்றார். ஓரத்தில் ஒட்டியிருந்த நான்கு பருக்கையைக்கூட விரலால் சுட்டிக் காட்டினார். கடைக்கு நேரமாகிவிட்டது, சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று கெஞ்சினேன். பிடிக்கட்டும் என்றார். தட்டு காலியாகும்வரை அவர் கண்ணை எடுக்கவில்லை.