டாக்டரம்மா கேட்ட பேர்

குழந்தைசாமியின் மண்டையைத் திறந்து கட்டியை எடுத்தாயிற்று. முகம் வீங்கும், ஒரு கண் மூடிக்கொள்ளும், பேச்சு குழறும், பகலெல்லாம் தூக்கம் வரும், போகப் போகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சிவரஞ்சனி முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வருவார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ள டாக்டருக்குப் படிக்க வேண்டுமா என்ன, குழந்தைசாமியின் மனைவி கண்ணாத்தாளுக்கே தெரியும்.

பொன்னமராவதியிலிருந்து புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கிய ஒவ்வொருவரும் கட்டிலருகே குனிந்து, "என்னையத் தெரியுதா? நான் யாரு, சொல்லு பாப்போம்" என்றார்கள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதியே பாஸாகாதவர்கள். இங்கே வந்து பரீட்சை வைத்தார்கள். தலைக்கட்டோடு கிடந்த மனுஷனும் சளைக்காமல் பதில் சொன்னார். மாட்டுத் தரகர் பேர், தரகரின் அப்பன் பேர், அப்பனின் பட்டப்பேர் எல்லாம் வந்தன. வந்தவர்கள் அந்தச் சந்தோஷத்தில், தாங்கள் வாங்கிவந்த ஆரஞ்சைத் தாங்களே உரித்துத் தின்றார்கள்.

காலை ரவுண்ட்ஸில் டாக்டரம்மா கேட்டார். "உங்க பேர் என்ன? இது எந்த ஊர்? இப்ப என்ன மாசம்?" எல்லாவற்றுக்கும் சரியான பதில். கண்ணாத்தாளைக் காட்டி, "இவங்க பேர் என்ன?" என்றபோது மட்டும் மனுஷன் ஃபேனைப் பார்த்தார்.

"அவுக எம் பேரச் சொன்னதே இல்ல டாக்டரம்மா. கல்யாணமானதுலேர்ந்து 'இந்தா'தான்" என்றாள் கண்ணாத்தாள்.

"சொல்லாதது வேற, மறந்துபோறது வேறம்மா. அவர் வாயால வரணும். சாயங்காலமும் வரலேன்னா ஸ்கேன் எடுக்கணும். உள்ள ரத்தம் கசிஞ்சிருந்தா மறுபடி திறக்க வேண்டியிருக்கும்."

கண்ணாத்தாள் பயந்துபோனாள். மறுபடி திறந்தால் மனுஷன் தாங்குவாரா? இன்னொரு பயமும் இருந்தது. மாட்டுத் தரகரின் அப்பனே குடியிருக்கிற தலையில் தனக்கு இடமில்லையென்றால் அதைவிடக் கேவலம் உண்டா? ஆளில்லாத நேரம் பார்த்துக் கேட்டேவிட்டாள்.

"நெசமாவே எம் பேரு ஞாபகம் இல்லையா?"

"இல்லாம என்ன?" என்று குழறினார் குழந்தைசாமி. "வெளியாளுக முன்னாடி பொண்டாட்டி பேர எப்படிச் சொல்றது? வெக்கமா இருக்குல்ல."

"வீட்டுக்குள்ள மட்டும் சொல்லிக் கிழிச்சீகளாக்கும்! அந்த வெக்கத்தக் காப்பாத்த மண்டையக் குடுக்கப் போறீகளா? சாயங்காலம் மரியாதையா வாயத் திறங்க."

சாயங்காலம் டாக்டரம்மா வந்தபோது, குழந்தைசாமியின் அண்ணன் பழனிச்சாமி ஒரு வேன் கூட்டத்தோடு கட்டிலைச் சுற்றி நின்றிருந்தார். "இவங்க பேர் என்ன?" குழந்தைசாமி அண்ணனைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கண்ணாத்தாள் முறைத்துக்கொண்டு நிற்பதையும் பார்த்தார்.

"கண்ணாத்தா" என்றார்.

"வெரி குட்! ஸ்கேனே வேண்டாம்" என்றார் டாக்டர்.

பழனிச்சாமி தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சே! மூத்தவன் நான் நிக்கிறேன், இத்தனை பேரு நிக்கிறாக, பொண்டாட்டி பேரச் சொல்லுறானே! எந்தம்பிக்கு மூள கலங்கிருச்சுங்க டாக்டரம்மா, நல்லாப் பாருங்க."

கண்ணாத்தாளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு டாக்டரம்மா" என்றாள். "எதுக்கும் இன்னொரு தரம் கேட்டுப் பாருங்க."