சாட்சிக் கையெழுத்து

காலையிலிருந்து அப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வீட்டுக்குள் வருவதும் போவதுமாக இருந்தேன். ஒரு தடவை தண்ணீர் குடிக்க, ஒரு தடவை போனுக்குச் சார்ஜ் ஏற்ற, ஒரு தடவை காரணமே இல்லாமல். ஒவ்வொரு தடவையும் அவர் நாற்காலியிலிருந்து எழப் பார்ப்பார். "இருங்கப்பா, இதோ வந்துடுறேன்" என்று ஓடிவிடுவேன்.

தேர்தல் நாள். ஹாமில்டன் நகரின் கிழக்குப் பக்கம், இரும்பாலைப் புகை படியும் எங்கள் தொகுதியில் போன முறை எங்கள் ஆரஞ்சுக் கட்சி நாற்பத்தோரு ஓட்டு வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்தது. இந்த முறை எங்கள் வேட்பாளர் கார்லா, பஸ் ஓட்டுகிறவள். எங்கள் தெருவும் பக்கத்து மூன்று தெருக்களும் என் பொறுப்பு. இன்னும் ஓட்டுப் போடாதவர்களின் பட்டியலோடு கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தேன். கட்சி அலுவலகத்திலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் வேறு.

அப்பாவின் பெயர் யூரே. முப்பத்தாறு வருஷம் இரும்பாலை உலையில் வெந்தவர். வாழ்நாள் முழுக்க ஆரஞ்சு. இந்த வருஷம் நீலக் கட்சிக்குத் தாவிவிட்டார். "உங்க ஆளுங்க வேலை செஞ்சு கைல அழுக்குப் பட்டு எத்தனை வருஷமாச்சு?" என்று ஈஸ்டர் விருந்தில் வாய் நிறைய ஆட்டுக்கறியோடு கேட்டார். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய் நின்றபடியே தின்றேன்.

இடுப்பை உடைத்துக்கொண்ட பிறகு, பிப்ரவரியில்தான் அவரை என் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தேன். அவருடைய எல்லாக் காகிதத்திலும் பழைய விலாசம். இப்படிப்பட்டவர்களுக்கு அதே வாக்குச்சாவடியில் ஓட்டு உள்ள ஒருவர், "இவரை எனக்கு நேரில் தெரியும், இந்த விலாசத்தில்தான் இருக்கிறார்" என்று கையெழுத்துப் போட்டால் போதும், ஓட்டுப் போட விடுவார்கள். ஆனால் ஒருவர் ஒருவருக்குத்தான் சாட்சி நிற்கலாம்.

என் கையெழுத்தைக் காலை பத்து மணிக்கே டெஸ்மண்டுக்குக் கொடுத்துவிட்டேன். மூன்று வாரத்துக்கு முன்பு மாடியில் குடிவந்த லாரி டிரைவர். அவருடைய முழுப் பெயரே சாட்சிப் படிவத்தை நிரப்பும்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆரஞ்சுக்குப் போடுவேன் என்று அவர் சொன்னது எனக்குப் போதுமாக இருந்தது. அப்பாவை மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லலாம். மறக்கவில்லை. பேனாவைப் பிடித்தபோது அவர் ஞாபகம் வந்தது. வந்ததால்தான் அவசரமாகப் போட்டேன்.

மாலை நாலரைக்கு அவர் விடவில்லை. "வெஸ்னா, ஊரையெல்லாம் கூட்டிட்டுப் போயிட்டே. என்னை எப்பம்மா?"

"என்னால கையெழுத்துப் போட முடியாதுப்பா. மாடி டெஸ்மண்டுக்குப் போட்டுட்டேன்."

"அவன் யாரு?"

"லாரி ஓட்டுறாரு."

"அது எனக்கும் தெரியும். அவன் யாருன்னு கேட்டேன்."

கையிலிருந்த பட்டியலை மடித்தேன். அப்பாவே மேலே பேசினார்.

"நான் விட்டுட்டு வந்த நாட்டுல ஓட்டுச் சீட்டுல ஒரே ஒரு பேருதான் இருக்கும். இங்க வந்து ஒரு தேர்தல் விட்டதில்ல. உங்கம்மா செத்த வாரம்கூடப் போயிட்டு வந்தேன்."

திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவர் கோட்டுப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. தெருவைக் கடந்து ஓடினேன்.

எதிர்வீட்டு டார்லின் வாசலில் நீலக் கட்சிப் பலகை. என் வாசலில் நட்டிருந்த ஆரஞ்சுப் பலகையைப் பிடுங்கியது அவள்தான் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். இரண்டு வாரமாகப் பேச்சு கிடையாது.

"என்ன, பலகை தேடி வந்தியா? கட்டிலுக்கு அடியிலயும் பாத்துட்டுப் போ."

"அப்பாவுக்குச் சாட்சி வேணும் டார்லின். நீ யாருக்கும் போடலன்னா..."

"உன்னோடது என்னாச்சு?"

ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

"அடிப் பாவி" என்றாள். உடனே ஷூவை மாட்டிக்கொண்டாள்.

வாக்குச்சாவடி இருந்த பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. நான் காரை ஓட்ட, அப்பாவும் டார்லினும் பின்னால் உட்கார்ந்தார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே யூரே?"

"பெத்த பொண்ணு இருக்கிறப்ப, அடுத்த வீட்டுல போய் 'என்னைத் தெரியும்னு சொல்லு'ன்னு நிக்கணுமா?"

நான் கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை.

வாக்குச்சாவடி அதிகாரி டார்லினிடம் கேட்டாள். "இவரை உங்களுக்கு நேர்ல தெரியுமா?"

"தெரியாம என்ன? ரெண்டு மாசமா தினம் காலைல என் வீட்டுலதான் காபி. மூணு சர்க்கரை. இவளுக்குத் தெரியக் கூடாதாம்."

அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. அதைவிட, இரண்டு மாதமாக அவர் தெருவைக் கடந்து போய் வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. காலையில் நான் அடுத்தவர் கதவுகளைத் தட்டிக்கொண்டிருப்பேன்.

அப்பா அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய் நெடுநேரம் நின்றார். என் சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. கார்லாவின் ஆட்கள். இன்னும் இருபத்தேழு வீடு பாக்கி. எடுக்கவில்லை. அந்தத் தடுப்புக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் அவர் அங்கே நிற்கிறாரே என்று நிம்மதியாக இருந்தது.

சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, நிமிர்ந்து வந்தார். வெளி வாசலில் நான்கு படிகள். நான் முன்னால் இறங்கி நின்று கையை நீட்டினேன்.

அவர் டார்லினின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.