மிஷின் பாஸ் பண்ணின குழம்பு

வாய்க்கரிசி போடக் குனிந்த உமாதேவியின் கையை அத்தை சுருளியம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"நில்லுத்தா. அரிசியோட ஒரு கல்லு உப்பும் சேத்துப் போடு. உசுரோட இருக்கையிலதான் எங்கண்ணனுக்கு நீ குடுக்கல. போறப்பயாச்சும் நாக்குல உப்புப் பட்டுப் போகட்டும்."

வாசலில் மேளம் சட்டென்று நின்றது. இதற்காக நிற்கவில்லை, டீ வந்திருந்தது. ஆனாலும் அந்த அமைதியில் காமயகவுண்டன்பட்டி முழுக்கத் தன்னையே பார்ப்பதாக உமாதேவிக்குத் தோன்றியது.

அப்பா சின்னச்சாமி குளித்து, திருநீறு பூசி, புது வேட்டியில் படுத்திருந்தார். எண்பத்து மூன்று வயது. ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. எதையோ மென்று விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் கிடந்தார்.

திராட்சைத் தோட்டத்துக்காரரான அவருக்கு ரத்தக்கொதிப்பு வந்தபோது, உப்பைக் குறைக்கச் சொன்னார் கம்பத்து டாக்டர். வேறு வீடென்றால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். இந்த வீட்டு மகளோ பழனிசெட்டிபட்டியில் வாழ்க்கைப்பட்டு, தேனியில் மண்ணும் தண்ணீரும் சோதிக்கிற ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். அங்கே பிளேம் போட்டோமீட்டர் என்றொரு மிஷின் உண்டு. கொடுத்த கரைசலை உறிஞ்சி, சாரலாக்கி, நீலச் சுடரில் தெளிக்கும். சோடியம் இருந்தால் சுடர் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சள் என்று அளந்து, எவ்வளவு சோடியம் என்று எண்ணாகச் சொல்லிவிடும்.

கிணற்றுத் தண்ணீருக்காக வைத்திருந்த அந்த மிஷினில் உமாதேவி அப்பாவின் குழம்பை ஏற்றினாள். திங்கட்கிழமை காலையில் அம்மா இருளம்மாள் ஒரு பாட்டில் குழம்பை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவாள். ஆபீஸ் கலைந்த பிறகு அதை வடிகட்டி, தண்ணீரில் நன்றாக நீர்க்கவிட்டு, திருட்டுத்தனமாகச் சோதிப்பாள் மகள். எண் ஒருநாளும் ஏறியதில்லை. "எங்க வீட்டுக் கொழம்பு மிஷினு பாஸ் பண்ணுன கொழம்புய்யா" என்று டீக்கடையில் மார்தட்டுவார் சின்னச்சாமி.

அந்தப் பெருமையெல்லாம் இப்போது அவள் தலையில் விடிந்தது. காலையிலிருந்து அவள் மனசை அரித்ததும் இதுதான். கடைசிக் காலத்தில் அந்த மனிதர் ருசியாக ஒரு வாய் சாப்பிடவில்லை, தன்னால். அத்தை அதை ஊரறியச் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான்.

"யாராச்சும் உப்பு எடுத்தாங்கடி" என்றாள் சுருளியம்மாள். வந்தது. உமாதேவி ஒரு கல்லை எடுத்தாள்.

அதுவரை சுவரில் சாய்ந்து கிடந்த இருளம்மாள் தலையைத் தூக்கினாள்.

"வேணாம்த்தா, போடாத. உப்புக் கூடிப்போச்சுன்னா அவுகளுக்குப் பிடிக்காது. நேத்துக் கருவாட்டுக் கொழம்புலயே சரியாத்தான் கெடந்துச்சு. ரெண்டாந்தரமும் ஊத்திக்கிட்டாக."

"எந்தக் கொழம்புலம்மா?"

உளறிவிட்டோம் என்று அப்போதுதான் இருளம்மாளுக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்தினாள். இனிப் பொத்தி என்ன பிரயோசனம்?

"மிஷினு பாத்த கொழம்புல உப்பே இல்லையேம்மா?"

"அது மிஷினுக்குன்னு வச்ச கொழம்புத்தா. சின்னச் சட்டியில தனியா வச்சு அனுப்புவேன். உங்கப்பா குடுத்த ரோசனைதான். 'மிஷினு என்ன சோத்துலயா ஊத்தித் திங்கப் போகுது, அதுக்கு இது போதும்'னாக."

அடுத்தவன் காட்டு மண்ணை அள்ளிக்கொண்டு வந்து தன் தோட்டத்து மண் என்கிற விவசாயிகள் எத்தனை பேரை உமாதேவி விரட்டியிருப்பாள்! அவள் வீட்டிலேயே, அவளுக்கே சட்டி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மிஷின் மேல் குற்றமில்லை. கொடுத்ததை அது ஒழுங்காகத்தான் அளந்தது.

"இருந்தாலும் உனக்குப் பயந்து பாதிக்குப் பாதி கொறச்சுட்டோம்த்தா. சத்தியமா" என்றாள் இருளம்மாள்.

"அப்ப எங்கண்ணன் கருவாடு தின்னுட்டுத்தான் போயிருக்காகளா?" சுருளியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "உப்புக்கு ஏங்கிப் போனியேன்னு காலையிலருந்து தொண்டை கிழியப் பாடுறேன். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா மதினி?"

உமாதேவிக்கு முதலில் கோபம்தான் வந்தது. அதன் பின்னாலேயே, நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. இறங்கிய வேகத்தில் சிரிப்பு பீறிட்டது. பிணத்தின் தலைமாட்டில் நின்று சிரித்தால் ஊர் என்ன சொல்லும்? முகத்தைப் புடவைக்குள் புதைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பெத்த பிள்ளை உடைந்துவிட்டாள் என்று நாலு பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டு ஓலமிட்டார்கள். அந்த அமளியில் சிரிப்பு எப்போது அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை.

உப்பில்லாமலே வாய்க்கரிசி போட்டாள்.

கொள்ளி வைத்துவிட்டுத் தம்பி ஈஸ்வரபாண்டி ஈர வேட்டியோடு திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. வீட்டைக் கழுவிவிட்டு, சம்பந்தி வீட்டார் கொண்டுவந்த குழம்பைச் சுடவைக்க உமாதேவி கேஸ் அடுப்பைப் பற்றவைத்தாள். அலமாரியில் பெரிய சட்டிகளுக்குப் பின்னால் ஒரு சின்னச் சட்டி, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி, தேய்த்துக் கவிழ்த்திருந்தது.

இருளம்மாள் குழம்பில் ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

"கம்மியாம்மா?"

"லேசா."

உமாதேவி உப்பு ஜாடியில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் போட்டாள். குழம்பு நுரைத்து விளிம்புக்கு ஏறியது.

"அடுப்பக் கொறைத்தா, பொங்குது" என்று பழக்க தோஷத்தில் பதறி வந்தாள் இருளம்மாள்.

"விடும்மா."

குழம்பு வழிந்தது. நீலமாய் எரிந்துகொண்டிருந்த தீ மஞ்சளாய் எழுந்தது. எவ்வளவு மஞ்சள் என்று உமாதேவி கணக்குப் பார்க்கவில்லை.