ஒரே நீளத்தில் எட்டு வாய்க்கால்

எட்டு வாய்க்காலையும் ஒரே நீளத்தில் வரைந்தது கனிமொழிதான். மன்னார்குடியில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறாள். சென்னையில் வடிவமைப்பு படித்தவள். காதுகுத்து பேனரில் தாய்மாமன் முகத்தைப் பெரிதாக்கிப் பிழைத்தாலும், கடைச் சுவரில் அவள் மாட்டியிருந்தது லண்டன் பாதாள ரயிலின் வரைபடம். அதை வரைந்தவர் ஹாரி பெக். தெரு எப்படி வளைந்தால் என்ன, பயணிக்கு வேண்டியது எந்த நிலையத்துக்கு அடுத்து எது என்பதுதானே? கோணல்மாணல்களை நிமிர்த்தினார், தூரங்களை ஒருசீராக்கினார். முதலில் வேண்டாமென்று திருப்பிய அலுவலகமே பிறகு அதை அச்சடித்தது. உலகமே காப்பியடித்தது, கனிமொழியும் அடித்தாள்.

அவள் ஊர்ப் பாசன சங்கத்துக்கு அப்படி ஒரு படம் போட்டுக் கொடுத்தாள். வாய்க்காலுக்கு ஒரு நிறம், மதகுக்கு ஒரு வட்டம். தலைமதகுக்குப் பக்கத்தில் அதைக் கட்டினார்கள். சங்கத் தலைவர் துரைராசு பார்த்தார்.

"எட்டும் ஒரே நீளந்தானே? வாய்க்காலுக்கு ஆறு மணி நேரம் தண்ணி. தீந்துது முறைச் சண்டை!"

எல்லோரும் கைதட்டினார்கள். எட்டும் ஒரே நீளமில்லை என்ற உண்மை அவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரியாததுபோல் இருக்க ஒரு படம் கிடைத்தால் யார் விடுவார்கள்! கனிமொழியும் கைதட்டலில் குளிர்ந்துபோய் வாயைத் திறக்கவில்லை. எதிர்த்துக் கேட்டிருக்க வேண்டிய பூவம்மாளோ மகளின் பிரசவத்துக்காக நன்னிலம் போயிருந்தாள்.

அந்தப் பூவம்மாள்தான் இன்று மதியம் சேற்றுக் காலோடு கடைக்குள் வந்தாள். ஐந்தாம் வாய்க்காலின் கடைமடையில் ஆறு மா நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடுகிறவள்.

"ஏம்மா கனி, என் வாய்க்காலோட நீளத்தை யாரைக் கேட்டு வெட்டுன?"

"நான் எங்கக்கா வெட்டுனேன்?"

"படத்துல வெட்டிட்டியே! காலைல ஆறு மணிக்குத் தொறந்தாங்க, பன்னெண்டுக்கு மூடிட்டாங்க. தண்ணி பாதி வழியிலயே நின்னுபோச்சு. இந்த முறை முடிஞ்சா, ஆத்துல மறுபடி தண்ணி விட பத்து நாள் ஆகும். நட்டு எட்டு நாளான பயிரு, அதுவரைக்கும் தாங்குமா?"

கனிமொழி சுவரிலிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள். லண்டன் ரயிலைப் போகிற வழியில் மண் உறிஞ்சுவதில்லை, தண்ணீரை உறிஞ்சும். தூரத்தை அழித்தபோது அவள் பூவம்மாளின் தண்ணீரையும் சேர்த்து அழித்திருக்கிறாள்.

"எவ்வளவு நேரம் ஆகும்க்கா, உங்க வயலுக்கு?"

"வருசா வருசம் மொதத் தண்ணி கூடவே நடக்குறவ நான். எனக்கா தெரியாது? ஐயனார் கோயில் வர ரெண்டு மணி நேரம். கல்பாலம் அஞ்சு. என் வய ஒம்போது."

மார்க்கர் பேனாவை எடுத்துக்கொண்டு, பூவம்மாளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

தலைமதகில் துரைராசுவின் முறை ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய வாய்க்கால் குட்டை, வயல் பக்கத்திலேயே. அது அதற்குள் நிரம்பி, மிச்சம் வடிகாலில் விழுந்துகொண்டிருந்தது.

"மாமா, தப்பு என்னோடது" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். "நீளத்தைப் பார்க்காம வரைஞ்சுட்டேன்."

"அச்சடிச்சதை மாத்துறதாம்மா? அன்னிக்குக் கைதட்டுனோமே!"

கனிமொழி மார்க்கரைத் திறந்தாள். தண்ணீர் போய்ச்சேர ஆகும் மணிக்கு ஒரு புள்ளி என்று ஃப்ளெக்ஸ் மேலேயே வைக்க ஆரம்பித்தாள். துரைராசுவின் கோட்டில் ஒரே ஒரு புள்ளி. பூவம்மாளின் கோட்டில் ஒன்பது. சுற்றி நின்றவர்கள் சத்தமில்லாமல் எண்ணினார்கள்.

துரைராசு படத்தைப் பார்த்தார், வடிகாலைப் பார்த்தார். "நாலு பேருக்கு முன்னாடி மானத்தை வாங்கிட்டியே" என்று முனகிக்கொண்டே தன் ஷட்டரை அவரே இறக்கினார். ஐந்தாம் வாய்க்காலின் ஷட்டரையும் அவரே ஏற்றினார்.

பெண்கள் இருவரும் தண்ணீரோடு நடந்தார்கள். காலையில் நனைந்த பாதி வழியைத் தண்ணீர் ஓட்டமாகக் கடந்தது. கல்பாலத்துக்கு அப்பால் வெடித்துக் கிடந்த மண் அதைக் குடித்துக் குடித்து நிறுத்தியது. கனிமொழி வாய்க்கு வந்த சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டாள். பூவம்மாள் சருகுகளைக் காலால் தள்ளி வழி விட்டுக்கொண்டே போனாள்.

பொழுது சாயும் நேரத்தில், நுரையும் வைக்கோல் துரும்புமாகத் தண்ணீர் மடைக்குள் நுழைந்தது. பூவம்மாள் குனிந்து ஒரு கை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். "பொழைச்சேன்டி" என்றாள். கனிமொழிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

போன் அடித்தது. துரைராசு.

"எங்கம்மா இருக்கே? வந்துருச்சா, இல்லையா?"

"ஒம்போதாவது புள்ளியில நிக்கிறேன் மாமா. கால் நனையுது."