தபசு மரத்துக்குப் பூசிய வண்ணம்

என் விசிட்டிங் கார்டில் 'விருத்தாசலம், மேடை டிசைனர், விழுப்புரம்' என்று போட்டிருந்தேன். கூத்துக்கு எதுக்கய்யா டிசைனர் என்று நாடக மன்றத்தில் எல்லோரும் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும். இரண்டு பெஞ்சு, ஒரு படுதா, ஒரு டியூப் லைட் என்று கூத்து நடந்துகொண்டிருந்த ஊர்களில் நான் கோட்டை வாசல் நிறுத்தினேன். துரியோதனன் சபைக்கு மாடிப்படி வைத்தேன். எனக்கு அந்தத் திமிர் உண்டு. இவ்வளவுக்குப் பிறகும் அது முழுசாகப் போகவில்லை என்பதுதான் அசிங்கம்.

தொண்ணூற்றெட்டில் பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் எங்கள் மன்றத்துக்கு நான்கு ஊர்களில் பாரதக் கூத்து. திரௌபதியம்மன் கோவில் திருவிழாவில் ஒருநாள் பகலில் அர்ச்சுனன் தபசு நடக்கும். சிவனிடம் அஸ்திரம் வாங்குவதற்காக அர்ச்சுனன் வேஷக்காரர் நிஜமாகவே ஒரு பனைமரத்தில் ஏறுவார். மட்டை சீவி, நட்டு வைத்த முப்பதடி மரம். துளை போட்டு முளைகளைச் செருகியிருக்கும். ஒவ்வொரு முளைக்கும் ஒரு பாட்டு பாடிக்கொண்டு ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். பிள்ளையில்லாத பெண்கள் ஈரப்புடவையோடு கீழே மடியேந்தி நிற்பார்கள்.

ஊருக்கு ஊர் புதுப் பனை வெட்டுவதுதான் வழக்கம். அதை மாற்றியது நான்.

கெடாரில் வெட்டிய மரத்தை நான் கைலாசமாக்கினேன். அடியில் காட்டுப் பச்சை, நடுவில் பாறை நிறம், உச்சிக்குப் போகப்போக வெண்பனி. ஐந்து நாள் வேலை. வெயில் பட்டதும் ஜனம் மரத்தைப் பார்த்துத்தான் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அடுத்த ஊர்க்காரர்கள் வந்து எங்களுக்கும் அதே மரம்தான் வேண்டும் என்றார்கள். அதற்கடுத்த ஊரில் நோட்டீசிலேயே 'விருத்தாசலம் கைவண்ணத்தில் கைலாச மரம்' என்று அச்சடித்துவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மரத்தை டிராக்டரில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனோம்.

அர்ச்சுனன் வேஷம் பச்சைமுத்து. ஒன்பது வருஷமாக அவன்தான் ஏறினான். குரலும் உண்டு, பயமும் கிடையாது. மயிலம் ரோட்டுப் பக்கம் ஒரு ஊரில் வீடு. அம்சாவைக் கட்டி ஆறு வருஷம் ஆகியும் பிள்ளையில்லை. ஊரெல்லாம் எலுமிச்சம்பழம் வீசுகிறவன் வீட்டில் தொட்டில் இல்லை என்று மன்றத்தில் கிண்டல் பேசுவார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். தபசு ஏறுகிறவனுக்குக் கையில் காப்புக் கட்டிவிட்டால் கறி கூடாது, குடி கூடாது, பெண்டாட்டி பக்கம் போகக்கூடாது. அந்த வருஷம் ஒரு ஊர்க் காப்பை அவிழ்த்த கையோடு அடுத்த ஊர்க் காப்பு ஏறியது.

மூன்றாவது ஊர் கிளியனூரைத் தாண்டி உள்ளே இருந்தது. பேர் வேண்டாம். டிராக்டரிலிருந்து இறக்கும்போது கயிறு நழுவி மரம் ஒரு கருங்கல்லின்மேல் விழுந்தது. தூக்கியவர்கள் போன பிறகு நான் குனிந்து பார்த்தேன். பாதிக்கு மேலே ஒரு முளைத் துளையிலிருந்து விரல் நீளத்துக்கு விரிசல். முளையைப் பிடித்து அசைத்தேன். ஆடியது.

தபசுக்கு எட்டு நாள் இருந்தது. சுற்றிலும் பனந்தோப்பு. ஒரு வார்த்தை சொன்னால் ஊரே மரம் வெட்டிக்கொண்டு வந்திருக்கும். ஆனால் அந்த எட்டு நாளில் எனக்குப் படுகளத்துக்கு, துரியோதனன் செத்து விழும் நாளுக்கு, மண்ணுருவம் செய்யும் வேலையும் இருந்தது. புது மரத்துக்கு வண்ணம் அடிக்க நேரமில்லை. மொட்டை மரத்தை நிறுத்தினால் நோட்டீசில் என் பேர் என்ன ஆவது? மரத்தூளையும் கோந்தையும் குழைத்து விரிசலில் அடைத்தேன். காய்ந்ததும் பாறை நிறத்தை இரண்டு கோட்டு பூசினேன். என் கண்ணுக்கே தெரியவில்லை. எவ்வளவு சுத்தமான வேலை என்று அப்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஏறுவதற்கு முன்னால் பச்சைமுத்து மாலையைச் சரிசெய்துகொண்டு கேட்டான்.

"மரம் சரியா கீதாண்ணே? கல்லு மேல வுழுந்துச்சின்னு பசங்க சொல்லிக்கினு இருந்தானுங்க."

"நானே ஏறிப் பாத்துட்டேன். நீ ஜல்தி ஏறுப்பா, வெயில் இறங்கிடப் போவுது."

நான் ஏறவில்லை.

பதினாறு முளை வரைக்கும் பாடினான். பதினேழாவதில் கால் வைத்து உடம்பைத் தூக்கினான். முளை உருவிக்கொண்டு வந்தது. பாட்டு பாதியில் நின்றது. மடியேந்தி நின்ற பெண்கள் அலறிக்கொண்டு விலகினார்கள். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

மரம் அப்படியே நின்றது, ஒரு குறையும் இல்லாமல். அதனால் யாரும் மரத்தைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த முளையை நான் எடுத்து மன்றத்துச் சமையல் அடுப்பில் போட்டேன். மறுநாள் மரத்தைச் சாய்த்து வெட்டி எரித்தேன். துக்கம் தாங்காமல் செய்கிறான் என்று என்னைத் தேற்றினார்கள்.

பூசாரி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "விரதத்துல குத்தம். ஆத்தா தள்ளிட்டா." எல்லோருக்கும் அது பொருந்திப்போயிற்று. எனக்கும்தான். அந்த நிமிஷத்தில் எனக்கு ஏற்பட்டது நிம்மதி. வேறு பேர் வைத்து அதைச் சொல்ல நான் தயாராக இல்லை.

திருவிழாவைப் பாதியில் நிறுத்தக்கூடாது என்றார்கள். மூன்றாம் நாள் படுகளத்துக்குத் துரியோதனனை மண்ணில் படுக்கவைத்தேன், தலை முதல் கால் வரை முப்பதடி. மீசை வைத்தேன், கண் திறந்தேன். கை ஒரு தடவைகூட நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என்மேல் பயம் வருகிறது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்சா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். வைகாசில ஒரு நாள் மத்தியானம், சாமான் எடுக்க வந்தவர நான்தான் போவ வுடல. கையில காப்பு இருந்துச்சி. வேணாம்டின்னாரு. நான்தான் கேக்கல." வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "இப்ப தள்ளிப் போயிருக்குது."

இரண்டு கைகளையும் என் எதிரில் நீட்டினாள். "இந்தக் கையாலதாண்ணே அவர தள்ளிட்டேன்."

வாய் திறந்திருக்க வேண்டிய இடம் அது. நான் தலையைக் குனிந்துகொண்டு, "விதிம்மா" என்றேன்.

மாசியில் பெண்குழந்தை பிறந்தது. ஊரில் விரலை மடக்கி மாசம் எண்ணினார்கள். காப்பு இருந்த நாட்களில் கணக்கு போய் விழுந்தது. அப்பனை விழுங்கின பிள்ளை என்று வாய்க்கு வாய் பேசினார்கள். அம்சா அவர்களை மிஞ்சிவிட்டாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கவில்லை. தூக்கவும் இல்லை. பத்தாம் நாள் அவள் அக்கா வடிவு வந்து திண்டிவனத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். இதெல்லாம் என் காதுக்கு வந்துகொண்டே இருந்தது. நான் அடுத்த சீசனுக்கு இந்திர சபை செட்டு போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து ஐந்தில் திண்டிவனம் பஸ் நிலையத்தில் வடிவைப் பார்த்தேன். கூடவே ஆறு வயதுப் பெண், யூனிஃபார்மில். ஷாலினியாம். பச்சைமுத்துவின் நெற்றி, அவன் காது. பஸ் ஏற ரொம்ப நேரம் தயங்கி நின்றாள்.

"இன்னாடி பேஜாரு? ஏறு" என்று அதட்டிவிட்டு வடிவு என்னிடம் சொன்னாள்: "அவ அம்மா ஊருக்குப் போற பஸ்னா மட்டும் இப்டித்தாண்ணே. போன தபா கூட்டினு போனேன். புள்ள கிட்ட போச்சி, அவ எழுந்து உள்ள போயி கதவ சாத்திக்கினா. எங்கம்மாக்கு என்ன ஏன் புடிக்கலன்னு தினம் கேக்குது. நான் இன்னான்னு சொல்றது?"

என்னால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. அவர்களைப் பஸ் ஏற வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டு நான் ஏறினேன்.

அம்சா ஒரு களத்தில் விதைக்கடலைக்காக மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். பார்த்தால் ஐம்பது சொல்லலாம். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கல், விரிசல், மரத்தூள், இரண்டு கோட்டு வண்ணம், ஏறிப் பார்த்தேன் என்று சொன்ன பொய். "உன்மேல குத்தம் இல்லம்மா. ஆத்தாவும் தள்ளல. கொன்னது நான். உன் புள்ளய போய்க் கூட்டினு வா."

அவள் கை நின்றுபோயிற்று. கோபப்படுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்காகத்தான் போயிருந்தேன்.

"ஆறு வருஷம்ணே" என்றாள். "மாரு கட்டிக்கினு உயிர் போற மாதிரி வலிச்சிச்சி. பீச்சி சுவத்துல அடிச்சேன், புள்ளைக்குக் குடுக்கல. அன்னிக்கி அது அம்மான்னு வந்திச்சி, மூஞ்சிமேல கதவ சாத்தினேன். தொட்டா இன்னொரு உயிரு போயிடும்னு நெனச்சேன். நீங்க சொல்றது நெசம்னா இதெல்லாம் எதுக்குண்ணே செஞ்சேன்? நான் எப்டிண்ணே உயிரோட இருக்கறது?"

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது.

"என் மனசு ஆறட்டும்னுதான சொன்னீங்க? பொய்தான? சொல்லுங்கண்ணே, பொய்தான?"

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே வேலைதான்.

"ஆமாம்மா. உன் மனசு ஆறட்டும்னுதான் சொன்னேன்" என்றேன்.

பிடி தளர்ந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க நல்லவருண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த மல்லாட்டையை எடுத்தாள்.