ஐந்தாவது நிறம்

சரிதா பனியை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் பனியைப் பற்றி அவளுக்கு நிறையத் தெரியும். மொழிபெயர்ப்பு நாவல்களில் அது அவளுக்காக நூறு விதமாகப் பெய்திருந்தது. நாமக்கல்லின் சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, எங்கோ ஒரு சிப்பாய் முழங்கால் வரை பனியில் நடப்பதை வாசித்தால் அவள் கால்விரல்கள் நிஜமாகவே சில்லிட்டுப் போகும்.

அப்படி ஒரு நாவலில், காட்டுக்குள் ஒளிந்திருக்கும் வீரனின் சட்டை 'இலைகளின் நிழலால் தைத்தது போல' இருந்ததாக ஒரு வரி வந்தது. அது என்ன நிறம் என்று தேடப் போனவள், இணையத்தில் ஒரு குழுவைக் கண்டுபிடித்தாள். பல நாட்டு ஆட்கள் பழைய ராணுவ உருமறைப்புச் சட்டைகளின் படங்களைப் போட்டு, இது அந்தக் காலத்து அசலா, இப்போது செய்த நகலா என்று மல்லுக்கட்டுகிற இடம் அது. கல்யாணத்துக்கு முன் பள்ளிபாளையத்தில் துணிகளைப் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை பார்த்தவள் அவள். சாயம், நூல், தையல் மூன்றும் கண்ணுக்குப் பழக்கம். கொஞ்ச நாளிலேயே அந்தக் குழுவில் ஏதாவது சந்தேகம் என்றால் "சரிதாவைக் கேளுங்கள்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஊரே முட்டைய வெளிச்சத்துல புடிச்சு நல்லது கெட்டது பாக்குது. என்ற பொண்டாட்டி மட்டும் பட்டாளத்துச் சட்டையப் புடிச்சுப் பாக்கறா" என்பான் நவீன்குமார். லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர். லாரிகளின் முதுகில் அவன் வரையும் மயில்கள் மகாராஷ்டிரம் வரை போய் வருகின்றன.

இத்தனைக்கும் அவள் ஒருநாளும் சோதித்துப் பார்க்காத சட்டை ஒன்று அந்த வீட்டிலேயே இருந்தது. முன்னறைச் சுவரில், கொக்கியில், அவள் மாமனார் சென்றாயனின் உருமறைப்புச் சட்டை. குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் அதை அணிந்துகொண்டு தெருமுனைக் கொடிக்கம்பத்துக்குப் போவார். இடது பைக்கு மேலே இருக்கும் பழுப்புக் கறையை விரலால் தொட்டுக் காட்டுவார்.

"இது சின்னண்ணன் கொட்டுன டீ. என்ற கூட இருந்த சிப்பாய், பனமரத்துப்பட்டிக்காரன். பனி கொட்டி ரோடே மூடிப்போச்சு, சாமி. பல நாள் கழிச்சு ஒரு டம்ளர் டீ வந்துச்சு. அதை எனக்குக் குடுக்கறேன்னு வந்தவன், குளுருல கை நடுங்கி என்ற நெஞ்சுலயே ஊத்திப்போட்டான். சூடு ஒறைக்கல. டீ போச்சேன்னுதான் ரெண்டு பேரும் அழுதோம்."

இந்தக் கதையைச் சரிதா எத்தனை முறை கேட்டாலும் அலுக்காது. அவள் படித்த பனிகளிலேயே, தெரிந்தவர் ஒருவர் மேல் பெய்த பனி இது ஒன்றுதான்.

சட்டைக்குச் சோதனை வந்தது கோகிலவாணி டீச்சர் மூலமாக. நவீன் படித்த உறைவிடப் பள்ளியில் வரலாறு எடுப்பவர். பள்ளியில் இந்தப் பக்கத்து ராணுவ வீரர்களுக்கென்று ஒரு காட்சியறை திறக்கிறார்கள். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் சென்றாயனின் சட்டையை வைக்க வேண்டும் என்று கேட்டு வந்தார். சென்றாயனுக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவருக்கு இரண்டு முறை காபி கொடுக்கச் சொன்னார்.

போகும்போது டீச்சர் சரிதாவைத் தனியே அழைத்தார். "போன தடவை ஒருத்தர் குடுத்த இரும்புத் தொப்பிய வெச்சோம். சினிமாவுக்குச் செஞ்சதுன்னு ஒரு பையன் கண்டுபுடிச்சு, ஸ்கூலே சிரிச்சுது. உங்களுக்கு இதெல்லாம் தெரியும்னு நவீன் சொன்னான். ஞாயித்துக்கிழமை வாரேன். நீங்க பாத்து அசல்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க, போதும்."

"அதுக்கென்னங்க டீச்சர்" என்றாள் சரிதா. சொல்லும்போது அவளுக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை.

சனிக்கிழமை மதியம் சட்டையைக் கட்டில் மேல் விரித்தாள். சென்றாயன் எதிரே நாற்காலி போட்டு நிலக்கடலை உரித்தபடி, நாடி பார்க்கும் வைத்தியரைப் பார்ப்பது போல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலைச் சாத்திவிட்டு ஊதா விளக்கை அடித்தாள். சட்டை முழுவதும் நீலமாக மினுங்கியது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போதைய சோப்புத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் மருந்து, எந்தப் பழைய துணியையும் அப்படி மினுங்க வைக்கும். சோப்பு அவ்வளவாக எட்டாத இடம் தையலின் உட்புறம்தான். ஓரத்தில் இரண்டு தையலைப் பிரித்து உள்ளே பார்த்தாள். அங்கே நூல் இன்னும் பளிச்சென்று ஒளிர்ந்தது. அந்தக் காலத்துப் பருத்தி நூல் இல்லை. பாலியஸ்டர்.

துணியின் பின்பக்கத்தைத் திருப்பினாள். அந்தக் காலத்துச் சட்டைகளில் சாயம் ஊறி மறுபக்கமும் ஏறக்குறைய அதே இலைகள் தெரியும். இதில் நிறம் மேலாக உட்கார்ந்திருந்தது. பின்பக்கம் வெறும் வெளுப்பு. ராணுவச் சொத்து என்பதற்குக் காலருக்கு உள்ளே இருக்க வேண்டிய அம்புக்குறி முத்திரையையும் காணோம்.

"முத்திரையா? அதெல்லாம் தொவைச்சுத் தொவைச்சு அழிஞ்சு போச்சு" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. மாமியார் சின்னாயி. யாரும் அவளைக் கேட்கவில்லை.

கடைசியாகத்தான் சரிதா அதைப் பார்த்தாள். பைக்கு மேலிருந்த பழுப்புக் கறை, முதுகிலும் இருந்தது. அதே வடிவம், அதே வால். வலது கையில் இருந்தது. இடது அக்குளுக்குக் கீழே, பாதி தையலுக்குள் போயிருந்தது. கறை இல்லை. அச்சு. எப்போதும் முன்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு கதை கேட்டவளுக்கு இதுவரை அது கண்ணில் படவே இல்லை.

"என்ன சாமி, கல்லு மாதிரி இருக்குதில்ல?" என்றார் சென்றாயன்.

"ஆமாங்க மாமா" என்றாள். சட்டையை மடிக்கத் தொடங்கினாள்.

சாயங்காலம் நவீன் வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். அவன் கையில் இருந்த பச்சைப் பெயின்டைத் துடைப்பதை நிறுத்தினான்.

"அப்பனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. தெரிஞ்சா அத்தனை ஆசையாக் கதை சொல்லுவாரா?"

"அப்பறம் என்ன? அசல்னு சொல்லிரு. கண்ணாடிக்குள்ள போனதுக்கப்பறம் எவன் வந்து தையலைப் பிரிக்கப் போறான்?"

"இரும்புத் தொப்பியவே ஒரு பையன் கண்டுபுடிச்சானுங்க. இவரு பேரை எழுதி வெச்சு, நாலு பசங்க சிரிச்சா? முதுகுல பாத்தா போதும், டீக்கறை வரிசையா நிக்குது."

நவீன் மறுபடி கையைத் துடைக்கத் தொடங்கினான். சொன்னால் மாமனாருக்கு இன்று வலிக்கும். சொல்லாவிட்டால் ஊர் முன்னால் வலிக்கும். இரண்டுக்கும் நடுவில் தன் ஒரு வார்த்தை மாட்டிக்கொண்டு நிற்பதாகச் சரிதாவுக்குத் தோன்றியது.

துணி எடுக்கக் கொல்லைப்பக்கம் போனபோது சின்னாயி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மிணி, என்ன கண்டுபுடிச்சே?"

"அத்தெ, அது பட்டாளத்துத் துணியே இல்லீங்க."

"மெதுவாப் பேசு." சின்னாயி உள்ளே போய் நவீனின் தலையணையைத் தூக்கி வந்தாள். இலவம்பஞ்சுத் தலையணை. உறைவிடப் பள்ளிக்கும் அதோடு போனவன், முதலிரவுக்கும் அதோடு வந்தவன். மேலுறையைச் சரிதா வாரம் ஒருமுறை மாற்றுவாள். அடியில் இருக்கும் வெள்ளை உறை நாலு பக்கமும் கையால் தைத்தது. அதைப் பிரிக்க அவன் விட்டதில்லை. சின்னாயி ஒரு பக்கத் தையலை ஊசியால் நெம்பி, வெள்ளையை விலக்கிக் காட்டினாள்.

உள்ளே காடு இருந்தது. வெளிறிய பச்சை, மண் நிறம், மங்கிய கருப்பு. இரண்டு பக்கமும் ஊறிய சாயம். தொட்டால் காது மடல் போல மெத்தென்றிருந்தது. ஓரத்தில் பாதி அழிந்த அம்புக்குறி. நடுவில் ஒரே ஒரு பழுப்புக் கறை, ஓரங்கள் கலங்கி, மறுபக்கம் வரை இறங்கியிருந்தது. சரிதா கறையின் மேல் விரலை வைத்தாள். இரண்டு வருடமாக அதற்குப் பக்கத்தில்தான் படுத்துத் தூங்குகிறாள்.

"இவன் பொறந்தப்ப அவரு எல்லையில. ராத்திரியெல்லாம் அழுவான். லீவுல வந்தப்ப அவரு உட்டுட்டுப் போன பழைய சட்டைய விரிச்சுப் போட்டா மட்டும் தூங்குவான். மோந்து பாத்துட்டே தூங்குவான், பாத்துக்க. சரின்னு வெட்டித் தலகாணியா தெச்சுப்போட்டேன். அடுத்த மாசம் ஒரு கடுதாசி. சின்னண்ணன் கல்யாணத்துக்கு வாரேன், அந்தச் சட்டைய எடுத்து வைன்னு."

"அய்யோ!"

"பள்ளிபாளையத்துக்கு ஓடுனேன். எங்கண்ணன் மயில்சாமிக்கு அங்க பிரிண்டிங் பட்டறை. போர்வைக்குப் பூப்போடறவன். தலகாணித் துணியப் பிரிச்சு மாதிரிக்கு மேசை மேல விரிச்சு வெச்சு, கலருக்கு ஒரு அச்சுச் சட்டம்னு கட்டி புதுத் துணியில அடிச்சான். மகராசன் நல்லாத்தான் அடிச்சான். நாலு கலருன்னு சொன்னாங்களே, அஞ்சாவதா பழுப்பு ஒண்ணு இருக்குதேன்னு, அதுக்கும் தனியா ஒரு சட்டம் கட்டிப்போட்டான்!"

சரிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். பூ விட்டுப்போனால் போர்வை திரும்பி வந்துவிடும் என்று பயந்து பழகிய கை, டீயைக்கூட விட்டுவைக்கவில்லை.

"அவருகிட்ட சொல்லிப்போடாத சாமி. தலகாணிய வெள்ளை உறைக்குள்ள ஒளிச்சு வெச்சு, பட்டாளத்துக்காரனையே ஏமாத்திப்போட்டேன்னு இத்தனை வருசமா எனக்கு ஒரு பெருமை" என்றாள் சின்னாயி. சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சென்றாயன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கையை விரித்து, மடிப்பைத் தட்டி, ஒவ்வொரு அங்குலமாக. சரிதா நெடுநேரம் கதவருகில் நின்றாள். டீச்சருக்கு முன்னால் தெரிய வேண்டியவர் இவர்தான் என்று முடிவு செய்திருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. வாசித்த நாவல்களில் இந்த மாதிரி இடங்களில் ரயில் வந்துவிடும், அல்லது யாராவது ஜன்னலைத் திறப்பார்கள்.

"மாமா, இந்த டீக்கறை..."

இஸ்திரிப் பெட்டி நின்றது. சென்றாயன் நிமிராமல், "எத்தனை எண்ணுனே?" என்றார்.

"மாமா?"

"சின்னண்ணன் டீ கொட்டுனது ஒருக்கா. இந்தச் சட்டையில ஏழு எடத்துல கொட்டியிருக்குது. போட்டுப் பழகுனவனுக்குத் தெரியாதா, கண்ணு? தோள்ல மாட்டுனதுமே தெரிஞ்சு போச்சு. இது போர்வை."

"அப்பவே ஏனுங்க மாமா சொல்லல?"

அவர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "லீவுல வந்து உள்ள நொழையறேன். தலகாணியோட வெள்ளை உறை ஓரத்துல வெலகியிருக்குது, பையன் உள்ள தெரியற என்ற சட்டையில மூஞ்சிய வெச்சுட்டுத் தூங்கிட்டிருக்கறான். என்னை அவனுக்கு அடையாளமே தெரியாது, ஆனா என்ற வாசம் தெரியுது. உங்கத்தெ இதை ரெண்டு கையிலயும் ஏந்திட்டு, பரீட்சை எழுதுன புள்ளை மாதிரி நிக்கறா. நான் என்னன்னு சொல்லட்டும்? வாங்கிப் போட்டுக்கிட்டேன். அளவு நல்லாத்தான் இருந்துச்சு."

"இன்னிக்கு டீச்சர் வாராங்களே?"

"அதுக்குத்தான் ராத்திரி பூரா தூக்கம் இல்ல. நீ பாத்ததும் சொல்லிப்போடுவியோன்னு பயந்தேன். உங்கத்தெ மூஞ்சி வாடிப்போகும். எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியக் கூடாது, சாமி. பட்டாளத்துக்காரனையே ஏமாத்திப்போட்டேன்னு நெனச்சுட்டு இருக்கறா. இருந்துட்டுப் போகட்டும்."

சரிதா கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் இரண்டு பேர் ஒருவருக்காக ஒருவர் உண்மையை எவ்வளவு ஜாக்கிரதையாக மறைத்து வைத்திருந்தார்கள். இலைகளின் நிழலால் தைத்தது போல.

டீச்சர் வந்தபோது எல்லாரும் முன்னறையில் இருந்தார்கள், நவீனைத் தவிர. அவன் உள்ளே, பொழுது ஏறியும் எழாமல், தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். கோகிலவாணி சட்டையைப் பார்த்து, பிறகு சரிதாவைப் பார்த்தார். "என்னங்க, அசல்தானே?"

சின்னாயி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். சென்றாயன் கூரை மின்விசிறியைப் பார்த்தார்.

"அசல் சட்டை இருக்குதுங்க டீச்சர்" என்றாள் சரிதா. "ஆனா குடுக்க முடியாது. இன்னும் உபயோகத்துல இருக்குது. இது ஊட்டுல போட்டுக்கத் தெச்சது. கண்ணாடிக்குள்ள வெக்கறதுக்கு மாமா வேற குடுப்பாரு."

எதிலும் பொய் இல்லை. டீச்சர் புரியாமல் தலையாட்டுவதற்குள் சென்றாயன் பீரோவைத் திறந்து பட்டாளத்து இடுப்புப் பட்டையை எடுத்து நீட்டிவிட்டார். சரிதா ஜன்னலைச் சாத்தினாள். விளக்கை அடித்தாள். முரட்டுத் துணி இருட்டிலேயே இருந்தது; நூல் ஒளிரவில்லை. பித்தளைக் கொக்கியின் பின்னால், களிம்பு பிடித்த பள்ளத்தில், சின்னதாக ஓர் அம்புக்குறி.

"அசல்" என்றாள்.

"அதுல நான் கையே வெக்கலீங்க!" என்று சந்தோஷத்தில் கத்திவிட்டாள் சின்னாயி.

சென்றாயன் மெதுவாகத் திரும்பினார்.

"என்னது?"

"ஒண்ணுமில்லீங்க... டீ வெக்கறேன்னு சொன்னனுங்க."

"வை, வை" என்றார் அவர், சுவர்க் கொக்கியிலிருந்து சட்டையை எடுத்துத் தோளில் மாட்டியபடி. "கொட்டாமக் கொண்டா."